ஐந்தாவது ஊசி

கைப்பையைக் கழுவிப் போடலாம் என்றுதான் சுலோஜனா அதைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தாள். இந்தியாவிலிருந்து திரும்பி ஒரு கிழமையாகியும் அது அறைக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டே கிடந்தது. குரங்கு பிடித்து இழுத்ததில் ஒரு பக்கத் தையல் விட்டுப்போன பை. எறியவும் மனம் வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனம் வரவில்லை. முதல்நாள்தான் ஆசுப்பத்திரியில் நாலாவது ஊசி போட்டிருந்தார்கள். மருந்து ஏறிய தோள் கனத்தது. ஊசி போடும் பிள்ளை ஆசுப்பத்திரித் துண்டைப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் ஊர் நாய் கடிக்கும், உங்களுக்கு வெளிநாட்டுக் குரங்கு கடிச்சிருக்கு" என்று சிரித்ததும், வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்ததும் இன்னும் காதுக்குள்ளும் கண்ணுக்குள்ளும் நின்றன. பையின் வெளிப்பக்கத்தில் இருந்த சின்ன அறையை அவள் ஒருநாளும் பாவித்ததில்லை, சிப் இறுகிப்போன அறை. அதன் விளிம்பில் எறும்பு ஊர்வதைக் கண்டுதான் இழுத்துத் திறந்தாள்.

உள்ளே சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றில் சுற்றி, றப்பர் வளையம் இரண்டு தரம் போட்டு இறுக்கிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தாள். தொதல். காத்தான்குடி அஸீமா வீட்டுத் தொதல் என்று பார்த்ததுமே தெரிந்தது. தேங்காய்ப்பாலும் சக்கரையும் காய்ச்சி இவ்வளவு கஜு போட்டு வேறு யாரும் கிண்டுவதில்லை. சுலோஜனாவுக்குத் தொதலே பிடிக்காது, பல்லில் ஒட்டும் என்பாள். அதை வாங்குகிறவள் அவளுடைய மச்சாள் அன்னப்பூரணி. சீனி வருத்தம் வந்ததிலிருந்து மகள் நிருஷா வீட்டிலிருக்கும் இனிப்பையெல்லாம் தாயிடமிருந்து ஒளித்து வைக்க, தாய்க்காரி தன் பங்குக்கு ஊரெல்லாம் இனிப்பை ஒளித்து வைத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒளிக்கிற இடங்களில் முதலாவது சுலோஜனாவின் குசினி. இந்தியாவுக்குக் குசினி கூட வராது, கைப்பை வரும்.

சுலோஜனா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஆராவது மலைக்குச் சாப்பாட்டுச் சாமான் கொண்டு வந்தீங்களா?" என்று பஸ்ஸுக்குள் மைக்கைப் பிடித்துக்கொண்டு பயண வழிகாட்டி திவாகரன் கேட்ட கேள்வி இப்போதுதான் அவளுக்கு முழுதாகக் கேட்டது.

அன்னப்பூரணி அவளுடைய புருஷன் உதயரூபனின் தங்கை. ஆனால் அந்த உறவு பிறகு வந்தது. முதலில் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு, ஒரே குடை. சுலோஜனா கலியாணம் முடித்து, உதயரூபன் ஊர் வழக்கப்படி அவளுடைய சீதன வீட்டுக்கு வந்து குடியேறியபோது, "என்ட அண்ணன உனக்குத் தாறதே நான் உன்ட வீட்டுக்கு வந்து போறதுக்குத்தான்" என்று சொன்னவள் அன்னப்பூரணி. சொன்னதைப் போலவே வந்து போனாள். முப்பது வருடத்தில் அவர்கள் சண்டை பிடிக்காமலில்லை. ஆனால் ஒருத்தியின் கதை மற்றவளின் வாயால் வெளியே போனதில்லை.

இந்த வருடம் கோயில் முறை இருவருக்கும் ஒன்றாக வந்திருந்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு நெல்லுக் குத்துவதற்கு ஊரிலுள்ள ஆறு குடிகளும் குடிக்கொரு பெண்ணைக் கொடுக்கும். தாய்வழியில் வருகிற குடி, ஒரே குடிக்குள் கலியாணமும் இல்லை என்பதால் மச்சாள்மார் ஒரே குடியாக இருக்க முடியாது. சுலோஜனா ஒன்று, அன்னப்பூரணி வேறு. குடிக்குள் முறை வீடு வீடாகச் சுற்றி வரும், ஒரு வீட்டுக்குத் திரும்பி வர ஒன்பது வருடம் எடுக்கும். குத்துகிறவள் வீட்டு விலக்கு நின்றவளாக இருக்கவேண்டும், புருஷன் உயிரோடிருக்கிறவளாகவும் இருக்கவேண்டும். ஓர் உரலுக்கு இரண்டு பேர், எதிரெதிரே நின்று மாறிமாறிப் போடுவார்கள். இரண்டு குடியின் முறையும் இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் விழுந்ததை அன்னப்பூரணிதான் முதலில் கண்டுபிடித்தாள். தை மாதத்திலேயே கோயிலை நடத்துகிற வண்ணக்கர் வினாயகமூர்த்தியிடம் போய், எங்கள் இரண்டு பேரையும் ஓர் உரலில் விடுங்கள் என்று கேட்டுவிட்டு வந்தாள். பிறகு பின்னேரங்களில் வெறும் உரலில் உலக்கை போட்டுப் பழகினார்கள். ஐம்பத்து நாலு வயதில் இரண்டு பெண்கள் வெறும் உரலைக் குத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒழுங்கையால் போனவர்கள் சிரித்தார்கள்.

இந்தியப் பயணம் உதயரூபனுக்காக. போன வருடம் அவருக்கு நெஞ்சுக்குள் கம்பி வைத்து அடைப்பெடுத்தார்கள். அன்றைக்கு ஆசுப்பத்திரி வாசலில் நின்று சுலோஜனா வைத்த நேர்த்தி அது. பயணத்தின் கடைசிக் கோயிலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடிப்பிரதட்டை செய்வதென்று. மட்டக்களப்பிலிருந்து நாற்பது பேர், பன்னிரண்டு நாள், வழிகாட்டி திவாகரன். அவரால் பஸ்ஸில் அவ்வளவு தூரம் இருக்கமுடியாது என்று அன்னப்பூரணி துணைக்கு வந்தாள்.

புறப்படுகிற அன்று விடியப்புறம் சுலோஜனாவின் போன் அடித்தது. செட்டிபாளையத்திலிருந்து தெரியாத ஒரு பொடியன். அவனுடைய தாய் இரவு மோசம் போய்விட்டாளாம். சுலோஜனாவுக்குச் சின்னம்மா முறை, அதே குடி. யாருக்கும் சொல்லாமல் ஒருவனோடு போய்க் கலியாணம் முடித்து, அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டாத மனுசி. அவனிடம் இருந்தது இவளுடைய நம்பர் ஒன்றுதான். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லி வைத்தான். சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் குடியில் எல்லா வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு, கோயில் வாசல் மிதிக்கக்கூடாது. சுலோஜனா போனைப் பிடித்தபடி வேலியோரம் நின்றாள். சூட்கேசோடு வந்த அன்னப்பூரணியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நீ செத்த வீட்டுக்குப் போனியா? இல்ல. முகம் பார்த்தியா? இல்ல. போன் வந்தது ஆருக்குத் தெரியும்?" என்றாள் அன்னப்பூரணி. "நேர்த்தி வச்சது என்ட அண்ணன்ட உயிருக்கு. அம்மாள் உன்ன மறிக்கமாட்டா. போயிற்று வந்து, இப்பதான் அறிஞ்சம் எண்டு சொல்லுவம். வா புள்ள, வேன் வந்திற்று."

"எனக்குப் பயமாக் கிடக்குகா."

"என்ட வாயால வராது. செத்தாலும் வராது."

முற்றத்தில் மற்றப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற உதயரூபன் குனிந்தபடி வேனடிக்குப் போனார். கேட்டிருப்பாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டிருந்தால் மறித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

ஐந்தாம் நாள் ஒரு மலைக்கோயில். ஏறுமுன்னம் திவாகரன் தொண்டை கிழியச் சொன்னான்: குரங்கு பொல்லாதது, கையில் பையில் தின்கிற சாமான் ஒன்றும் வேண்டாம். சுலோஜனா தன்னிடமிருந்த இரண்டு வாழைப்பழத்தையும் எடுத்து பஸ்ஸிலேயே வைத்துவிட்டு இறங்கினாள். பாதிப் படியில் அது வந்தது. நாற்பது பேரையும் விட்டுவிட்டு நேரே அவளிடம் வந்து பையைப் பிடித்தது. வேறு எவளாவது என்றால் பையை விட்டிருப்பாள். அதற்குள் அவளுடைய பாஸ்போட்டும் அன்னப்பூரணியின் பாஸ்போட்டும் இருந்தன. மச்சாளின் பாஸ்போட்டைத் தொலைத்துவிட்டு எந்த முகத்தோடு நிற்பது என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். முழங்கைக்குக் கீழே அது பல்லைப் பதித்தது. குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம் கழுவியவளும் அன்னப்பூரணிதான். கழுவிக் கழுவி அழுதாள். கடிபட்டவளே அவளைத் தேற்றவேண்டியிருந்தது.

அங்குள்ள ஆசுப்பத்திரியில் ஊசி போட்டு பஸ்ஸுக்குத் திரும்பியபோது பொழுது பட்டுவிட்டது. அவ்வளவு பேரும் பசியோடு காத்திருந்தார்கள். ஏற்கனவே ஒருநாள் பஸ் பழுதாகி நின்றிருந்தது, ஒரு மனுசி படியில் விழுந்து காலைச் சுளுக்கியிருந்தாள். "ஆஞ்சநேயர் சும்மா ஆரையும் தொடமாட்டார்" என்று பின்சீற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்போதுதான் திவாகரன் அந்தக் கேள்வியைக் கேட்டான். கம்பனிக்கு எழுதிக் கொடுக்கவேண்டுமாம். சுலோஜனா இல்லையென்று தலையாட்டினாள். திவாகரன் அன்னப்பூரணியைப் பார்த்தான். எல்லாரும் அன்னப்பூரணியைப் பார்த்தார்கள். அன்னப்பூரணி எழும்பி நின்றாள்.

"சாப்பாடு ஒண்டும் இல்ல தம்பி. அவக்குத் துடக்கு. ஆக்கள் செத்து அஞ்சாறு நாள்தான்."

அந்த பஸ்ஸில் எழுந்த சத்தத்தை சுலோஜனா இனி மறக்கமாட்டாள். சத்தம்கூட இல்லை, நாற்பது பேர் ஒன்றாக இருக்கையில் அசைந்தது. அதற்குப் பிறகு ஒரு கோயிலுக்கும் அவளை இறக்கவில்லை. ஏழு நாள் சாரதியோடு பஸ்ஸில் குந்தியிருந்தாள். ஒவ்வொரு கோயிலிலிருந்தும் அன்னப்பூரணி கடதாசியில் திருநீறு மடித்துக்கொண்டு ஓடி வருவாள், வாங்கிக்கொள்வாள். கடைசிக் கோயில் வாசலில், "நீ யோசியாத. என்ட அண்ணனுக்குத்தானே. உன்ட நேர்த்திய நான் செய்யிறன்" என்றாள். செய்தாள். உடம்பெல்லாம் புழுதியோடு வந்து, "முடிச்சிற்றன்" என்று கையைப் பிடித்தாள். சுலோஜனாவுக்கு ஆத்திரம் இருந்தது. ஆனாலும் அன்னப்பூரணி பயத்தில் உளறிவிட்டாள், சாமிக்குற்றம் தன்மேலும் வந்துவிடும் என்று நடுங்கிவிட்டாள் என்று சுலோஜனா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சொந்தச் செலவில் மன்னித்து வைத்திருந்தாள் என்று சொல்லவேண்டும். இப்போது கையில் எறும்பு மொய்த்த தொதல் இருந்தது.

பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்தாள். அன்னப்பூரணி குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தைக் கண்டதும் அவளுடைய கண் முதலில் வீட்டுக்குள்ளே போனது.

"நிருஷாட்டச் சொல்லிராதகா."

சுலோஜனாவுக்கு ஒரு கணம் என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோனது. முப்பது வருடப் பழக்கத்தில் அன்னப்பூரணியின் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"இதுக்குத்தான் அந்தக் குரங்கு என்னட்ட வந்த," என்றாள். "உனக்குத் தெரியும். திவாகரன் கேட்டொடன உனக்குத் தெரியும்."

அன்னப்பூரணி இறாலைக் கீழே வைத்தாள். "எல்லாரும் என்னையப் பார்த்தாங்க புள்ள. தின்னக்கூடாத ஒண்ட ஒளிச்சு வச்சு, அதால உன்னக் கடிக்க வச்சன் எண்டு எப்பிடிச் சொல்லுற? வாயில அதுதான் வந்திச்சு."

"ஒரு துண்டு தொதலுக்கு."

"ஓம்," என்றாள் அவள், மிகச் சின்னக் குரலில்.

சுலோஜனா கோபிக்கத்தான் வந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரம் வண்ணக்கர் கோயில் மண்டபத்துக்கு வரச்சொல்லியிருந்தார். பயணம் போனவர்கள் மூலம் கதை ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அங்கே அவளுக்குக் கோபம் உதவாது, ஆள்தான் உதவும். "குரங்க விடு," என்றாள். "வண்ணக்கரிட்ட நீ வந்து ஒண்டு மட்டும் சொல்லு. நான் போகமாட்டன் எண்டு நிண்ட நான், நீதான் போகச் சொன்னநீ. நானா ஒளிச்சு வச்சுக்கொண்டு போகல்ல. அவ்வளவுதான்."

"ஏன் சொல்லாம? அம்மாளாச்சி சத்தியமாச் சொல்லுவன். நீ இல்லாம நான் ஆரோட உரல் போடுற?"

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் ஆறு குடித் தலைவர்களும் பாயில் இருந்தார்கள். பெண்கள் தூணோரம். வினாயகமூர்த்தி நல்ல மனுசன், குரலை உயர்த்தத் தெரியாதவர். அதனால்தான் அவர் சொன்னது கூடுதலாகச் சுட்டது.

"சடங்குக்கு முன்னம் முப்பத்தொண்டு முடிஞ்சிரும், தங்கச்சி. அதுவல்ல கதை. நீங்க சாவு சொல்லாததால உங்கட குடியில அவ்வளவு வீடும் தெரியாமத் துடக்கோட இஞ்ச வந்து கும்பிட்டுப் போயிருக்கு. தெரிஞ்சா செய்த?"

"ஓம் அண்ணன். தெரியும்," என்றாள் சுலோஜனா. "பிழைதான். ஆனா நான் தனிய முடிவெடுக்கல்ல. அண்டைக்கே மச்சாளிட்டச் சொன்ன நான். ஒண்டும் இல்ல, வா எண்டு அவதான் கூட்டிக்கொண்டு போன."

வண்ணக்கர் அன்னப்பூரணி பக்கம் திரும்பினார். "முதலே தெரியுமா, பிள்ள, உங்களுக்கு?"

தெரியும் என்று சொன்னால் அவளும் ஒளித்தவள் ஆவாள், அவளுடைய உலக்கையும் போகும். மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் அது விளங்கியது. சுலோஜனாவுக்கும் விளங்கியது. விளங்கியும் அவள் பயப்படவில்லை, அதுதான் பிறகு நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. அவள் மச்சாளைப் பார்த்து மெதுவாகச் சிரிக்கக்கூடச் செய்தாள், சொல்லு என்பதுபோல.

அன்னப்பூரணி சீலைத் தலைப்பை வாயில் வைத்தாள். "எனக்கு அங்க போய்த்தான் தெரியும்," என்றாள். "பஸ்ஸுக்குள்ள வச்சுத்தான் சொன்னா." பிறகு அழத் தொடங்கினாள். உண்மையான அழுகை. பக்கத்திலிருந்த பெண்கள் முதுகைத் தடவினார்கள், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள்.

"பூரணி," என்றாள் சுலோஜனா. தொதல் கதையை அங்கே எடுத்தால் சிரிப்பார்கள். ஆண்கள் பக்கம் பார்த்தாள். உதயரூபன் பாயின் ஓரத்தில் ஓர் ஓலை ஈர்க்கை எடுத்து நகத்தால் கீறிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை. அந்த நிமிராத தலையைப் பார்த்ததும் அன்று விடியப்புறம் முற்றத்தில் நின்றவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துபோனது. வண்ணக்கர் அவளுடைய வீட்டைத் தள்ளி, முறையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். அடுத்த முறை ஒன்பது வருடத்தில் வரும்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். அவர் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தார்.

"உங்களுக்குக் கேட்டதுதானே அண்டைக்கு?"

"கூடப்பிறந்தவள் சுலோ. சபையில வச்சு அவளப் பொய்க்காரி எண்டு நான் எப்பிடிச் சொல்லுற?"

"என்னைய மட்டும் சொல்லலாம்."

அவருடைய கை தன்பாட்டில் நெஞ்சைத் தடவியது, ஆசுப்பத்திரியால் வந்ததிலிருந்து அவருக்கு அப்படி ஒரு பழக்கம். உங்கட நெஞ்சுக்காகத்தான் நான் போன நான் என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஒன்பது வருடத்துக்கு அந்த நெஞ்சு இருக்குமா, இல்லாவிட்டால் உலக்கை பிடிக்கிற தகுதி தனக்கு இருக்குமா என்பதும் வந்தது. அந்த நினைப்புக்குத் தன்னையே வெறுத்தாள். குழம்பை மட்டும் அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

கடைசி ஊசிக்குரிய நாள் பத்து நாள் கழித்து வந்தது. அதற்கு முதல்நாள் பின்னேரம் அன்னப்பூரணி வேலியில் வந்து நின்று, ஒன்றுமே நடக்காததுபோல், "நாளைக்கு ஏழரை பஸ்தானே? நானும் வாறன். தனியப் போகாத" என்றாள். முதல் வந்த நான்கு ஊசிக்கும் கூட இருந்தவள் அவள்தான். சுலோஜனா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த உடுப்பை உதறிக் கொடியில் போட்டாள். காலையில் ஏழு மணிக்கே இறங்கி, வழக்கமாக ஏறும் தரிப்பிடத்தை விட்டு அடுத்த தரிப்பிடத்துக்கு வெயிலில் நடந்துபோய் நின்றாள்.

பஸ் வந்தது. ஏறியதும் கண்டாள். நடுப்பகுதியில், யன்னலோரம், அன்னப்பூரணி. பக்கத்துச் சீற்றில் முகம் துடைக்கிற பூப்போட்ட லேஞ்சி ஒன்றை விரித்துப் போட்டு இடம் பிடித்திருந்தாள். ஏழரை பஸ்ஸில் ஓர் இடத்தைப் பிடித்து வைப்பதென்றால் சும்மா இல்லை, கந்தோருக்குப் போகிறவர்களோடும் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் மல்லுக்கட்டியிருக்கவேண்டும்.

"இஞ்ச வாகா," என்று கையை ஆட்டினாள். "இடம் வச்சிருக்கன்."

சுலோஜனா கேட்காதவள்போல் இரண்டு சீற் முன்னாலேயே நின்று, மேல்கம்பியைப் பிடித்தாள். தழும்பு இருந்த கை. முழங்கை உயரும்போது அந்த இடம் இழுத்து வலித்தது. கையை மாற்றவில்லை.

ஆரையம்பதியில் சனம் ஏறியது. காத்தான்குடியில் இன்னும் ஏறியது. நெரிசலில் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளப்பட்டு, கடைசியில் அந்தச் சீற்றுக்கு நேரே வந்து நின்றாள். இப்போது லேஞ்சி அவளுடைய இடுப்புக்குக் கிட்ட இருந்தது. அன்னப்பூரணி நிமிர்ந்து பார்த்தாள். சுலோஜனாவின் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. உட்காருவதற்கு ஒரு கணம் போதும். உட்கார்ந்தால் அன்னப்பூரணி ஊசி அறைவரை வந்து பையை வாங்கி வைத்துக்கொள்வாள், திரும்பி வரும்போது இளநீர் வாங்கிக் கொடுப்பாள், வரும் கிழமை உலக்கை போட்ட கையோடு வந்து பொங்கல் தருவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். சுலோஜனா யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

கல்லடியில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை, கையில் கிளினிக் புத்தகத்தோடு ஏறி, நெரிசலுக்குள்ளால் வந்து சீற்றைப் பார்த்தாள். பிறகு சுலோஜனாவைப் பார்த்தாள்.

"மாமி, இதுல ஆராச்சும் இருக்காங்களா?"

சுலோஜனா வாயைத் திறக்குமுன் அன்னப்பூரணி முந்திக்கொண்டாள்.

"ஓம் மகள், ஆள் இருக்கு."

பிள்ளை குழம்பிப்போய் நின்றவளையும் வெறும் சீற்றையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் வாவி விரிந்து, யன்னலால் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. லேஞ்சியின் ஒரு முனை எழும்பிப் படபடத்தது. அன்னப்பூரணி நேரே முன்னால் பார்த்தபடி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.